கொல்லையில் காய்ந்த எண்ணெய்

பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணின் தலையிலிருந்து வந்த கரிசலாங்கண்ணி எண்ணெய் வாசனை, இப்போது கள்ளக்குறிச்சிப் புறவழிச்சாலை ஓடும் எங்கள் பழைய கொல்லைக்கு என்னை இழுத்துப் போனது. அங்கே, அம்மாவுக்கு முடி கொட்டுகிறதென்று, அத்தை கீரைச் சாற்றை எண்ணெயில் ஊற்றிச் சடசடப்பு அடங்கும்வரை கிளறிக்கொண்டிருப்பாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, உதிர்ந்த முடியை விரலில் சுற்றிச் சுற்றி உருண்டையாக்குவாள்.

“ஆஸ்பத்திரி இன்னாத்துக்கு அண்ணி? நான் வளத்துக் காட்டறேன்” என்பாள் அத்தை.

“வளரலன்னா உன் சடைய அறுத்துக்குவேன்டி” என்று அம்மா சிரிப்பாள்.

நாங்கள் தினமும் தலையைத்தான் பார்த்தோம்; ரவிக்கை தொளதொளத்துப் போனதை யாரும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்திருந்தது.

அம்மாவைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது அத்தைதான் தலைக்கு எண்ணெய் வைத்தாள். நெற்றியோரம் அவள் விரல்கள் நின்றன.

“அண்ணி, புதுமுடி வந்துகினு கீது பாரு” என்றாள்.