இரண்டு முனையிலும் சிவப்பு

ம்ம்ம்... என்ற அந்த முனகல்தான் முதலில் வரும்; எங்கள் தொழிலில் கண்ணுக்கு வேலை அப்புறம்தான். ஈப்போ டெலிபோன் ஆபீஸின் பாட்டரி அறையில் டைனமோ ஓடும் சத்தம் அது. ஊர் தூங்கக் கண்விழிக்கும் ராத்திரி ஷிப்ட்காரர்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? பகலில் தூக்கம் வராது, இரவில் விழிப்பு முழுசாக வராது.

பூக்கட்டு

கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் பால் வெட்டியவன் நான். யாரோ தூக்கிப்போட்ட புத்தகத்தின் படங்களைப் பார்த்தே வயர் வேலை பழகினேன். இங்கே ஆறு மாதம் தற்காலிகம். தப்பு வராவிட்டால் நிரந்தரம். வந்தால் மறுபடி பால் வாளி.

டைனமோவிலிருந்து பாட்டரிக்குப் போவது தடித்த வயர். ஊர் ஊராக டெலிபோன் மணியடிக்கப் போவது மெல்லிய வயர்கள்; அவற்றைச் சேர்த்து, மெழுகு தேய்த்த நூலால் விரல் விரலாக முடிச்சிட வேண்டும். அரைத்தூக்கத்தில் அது ஆறு மாதிரி நீளும். இந்தக் கிளை தாப்பாவுக்கு, அது தெலுக் ஆன்சனுக்கு. நானும் கூடவே மிதந்து போவேன். பகல் ஷிப்ட்காரன் ஆ கவ் தோட்டத்துக் கடையில் வளர்ந்த சீனன். ஒரு காலையில் வந்து பார்த்தவன் கேட்டான்: "அண்ணே, வயர் கட்டுறியா, பூ கட்டுறியா லா?"

ஆயுத பூஜை

அன்று விடியுமுன் டைனமோவை நிறுத்தி, பாட்டரிக்குப் போகும் இரண்டு தடித்த வயர்களையும் கழற்றித் துடைத்தேன். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வயர் முனைகளுக்கும்தான். சிவப்புப் பெயின்ட் பூசிய முனை பாட்டரியின் சிவப்புக் கம்பத்துக்கு. அதுதான் அங்கே சட்டம். பழைய பூச்சு எப்போதோ உதிர்ந்துவிட்டது. எது எதென்று என் கைக்குத் தெரியும், அதனால் யாரிடமும் சொல்லவில்லை. ஆ கவ் வந்து வயரை மாட்டிவிடுவான் என்று கோயிலுக்குப் போய்விட்டேன்.

அவன் வந்து பார்த்தால் இரண்டு முனையிலும் சிவப்பு. குத்துமதிப்பாக மாட்டினான், மாறிப்போனது. டைனமோ கருகியது. பாட்டரி வற்றி, மத்தியானத்துக்குள் ஈப்போவே ஊமை. நான் ஓடிவந்தபோது வாசலில் ஜவுளிக்கடை ராவுத்தர் நின்றிருந்தார். "தம்பி, காலையிலேருந்து தெலுக் ஆன்சனைக் கூப்பிடுறேன், என் மூச்சுச் சத்தம்தான் எனக்கே கேக்குது."

துரையின் மேஜை

மறுநாள் ஆபீஸை நடத்தும் வெள்ளைக்கார துரை விசாரித்தார். "நான்தான் மாட்டினேன்" என்றான் ஆ கவ். குங்குமத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. வாயை மூடியிருந்தால் நான் நிரந்தரம். வாய் மூடவில்லை.

"சிவப்பு வைத்தது நான், துரை."

அவர் துரத்தவில்லை, ஆறு மாதத்தை முதல் நாளிலிருந்து எண்ணச் சொன்னார்.

வெளியே வந்ததும் ஆ கவ் பொரிந்தான். "போடோ லா நீ, சரியான முட்டாள்! நான் பழைய ஆளு, திட்டிட்டு விட்டிருப்பாரு. உனக்கு ஏன் இந்த வேலை?" கொஞ்ச தூரம் நடந்து திரும்பினான். "அண்ணே, அடுத்த பூஜைக்கு மஞ்சள் மட்டும் வை."

கைக்குத் தெரிந்ததை வாய் சொல்லாவிட்டால் சாமி வந்தாலும் வயரை மாற்றித்தான் மாட்டும் என்று எனக்குப் புரிய ஒரு டைனமோ செலவானது. அன்று சாயங்காலம் ஒரு முனைக்கு மட்டும் புதுச் சிவப்புப் பூசிக் காயவைத்துவிட்டு, மெழுகுக் கட்டியை எடுத்து நூலைத் தேய்க்க உட்கார்ந்தேன்.