இருபத்தைந்து பட்டன்

என் மாமா பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. "போனா அடுத்தது வரும்" என்று நிறுத்தத்தில் நிதானமாக நிற்பவர். ஆனால் பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவன் பதினெட்டாவது சுற்றில் மூச்சை எப்படி விட வேண்டும் என்று கேட்டால் ஒரு மணி நேரம் விளக்குவார். கேட்க ஓட்டக்காரர்கள் யாரும் கிடைப்பதில்லை என்பதால் நாங்கள் மாட்டிக்கொள்வோம்.

அவர் அம்மாவின் தம்பி. சீருடை தைக்கும் கடையில் ஜன்னலோர மெஷின் அவருடையது. பள்ளிச் சட்டை, நர்ஸ் கோட்டு, காவலாளி பேன்ட் என்று வருஷம் பூராவும் ஒரே மாதிரித் துணி. உட்கார்ந்தே பிழைப்பவருக்கு ஓட்டத்தின் மேல் எப்படிப் பைத்தியம் பிடித்தது என்றால், ஒரு நாள் ஓர் ஓட்டப் பயிற்சியாளர் பன்னிரண்டு டிராயர்களை இடுப்பில் பிடிக்கச் சொல்லிக் கொண்டுவந்து போட்டார். "இடுப்பே இல்லாத இந்த ஆளுங்க அப்படி என்னதான் பண்றாங்க?" என்று பார்க்கப் போனவர்தான். மனசு இன்னும் அங்கிருந்து திரும்பவில்லை.

அந்த முதல் தடவை சுற்றுக் கணக்கு தவறி, பந்தயம் முடிவதற்கு ஒரு சுற்று முன்னாலேயே எழுந்து நின்று கைதட்டிவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த வருஷம் போகும்போது இடது பாக்கெட்டில் இருபத்தைந்து சட்டைப் பட்டன்களைப் போட்டுக்கொண்டு போனார். பந்தயம் இருபத்தைந்து சுற்று. முதலில் ஓடுபவன் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு பட்டன் இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்குப் போகும். இடதில் இன்னும் எத்தனை என்று விரலே சொல்லிவிடும். அவ்வளவுதான் சூத்திரம்.

அரங்கத்தில் நாங்கள் உட்காரும் வளைவிலிருந்து பார்த்தால், மீதிச் சுற்றுகளைக் காட்டும் பலகையின் முதுகுதான் தெரியும். பின்தங்கியவர்களும் முந்துகிறவர்களும் கலந்துவிட்டால் யார் எத்தனையாவது சுற்றில் இருக்கிறார் என்று கடவுளுக்கே குழப்பம். ஆகவே அந்த வளைவில் இருக்கும் நாற்பது பேருக்கும் மாமாவின் பாக்கெட்டுதான் பலகை. கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள் இல்லையா, அதற்குச் சற்று முன்னால், இடது பாக்கெட்டில் இரண்டு பட்டன் மிஞ்சியிருக்கும்போது, மாமா எழுந்து "மணி!" என்று கத்துவார். நாற்பது பேரும் எழுந்து நிற்பார்கள். அவர்கள் எழுந்த பிறகுதான் மணி அடிக்கும். கடையில் முதலாளி கூப்பிட்டாலும் நிமிராத மனுஷர், வருஷத்தில் அந்த ஒரு நொடியில் நாற்பது பேரை எழுப்புகிறார்.

"ரவுண்டு எத்தனைன்னா டக்குன்னு சொல்வார். வீட்டுல பிள்ளைங்க எத்தனைன்னு கேளு, பாக்கெட்டைத் தடவுவார்" என்பாள் அத்தை. பிள்ளைகள் இரண்டுதான்.

இந்த வருஷம் நான் ஒரு காரியம் செய்தேன். காலையில் அவர் பட்டன்களை எண்ணிப் பொட்டலம் கட்டி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். மாமா ஒரு சுற்று முன்னாலேயே "மணி!" என்று கத்துவார், நாற்பது பேரும் எழுந்து அசடு வழிவார்கள், நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். அவ்வளவுதான் திட்டம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் இரண்டு எடுத்திருப்பேன்.

அரங்கத்துக்குப் போனால் அங்கே டெசிமல் காத்திருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். எதையும் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் சொல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது, அதனால் அந்தப் பெயர். கையில் ஒரு புதுச் சாமான் பளபளத்தது. கட்டை விரலால் அழுத்தினால் ஓர் எண் கூடும் கருவி.

"பட்டன்காரரே, காலம் மாறிப் போச்சு. இந்த வருஷம் நானும் எண்றேன். நீங்க மணிக்குச் சரியா எழுப்பலைன்னா அடுத்த வருஷத்திலேருந்து எண்ணிக்கை என் பொறுப்பு. சம்மதமா?"

"என் பட்டன் தப்பினா நான் அந்தக் கடைசி வரிசையில போய் உக்காந்துக்கறேன் சார். போதுமா?" என்றார் மாமா, நாற்பது பேருக்கும் கேட்கும்படி.

பட்டன் என் உள்ளங்கையில் வேர்த்துக்கொண்டிருந்தது.

"மாமா, ஒரு விஷயம்..."

"ஷ்ஷ்!" என்றாள் பஞ்சர் அக்கா. டயர் கடை நடத்துபவள். அவள் அதட்டினால் லாரியே ஓரங்கட்டும். "ஓட்டம் ஆரம்பிச்சாச்சு! இனிமே யாரும் ஒண்ணு ரெண்டுன்னு வாயைத் திறக்கக்கூடாது, தெரியாதா? எண்றவருக்குக் குழம்பும்!"

அதுவும் எங்கள் வளைவின் சட்டம். நான் சொல்ல வேண்டியதோ 'ஒரு பட்டன் குறைகிறது' என்பது. எண் இல்லாமல் அதை எப்படிச் சொல்ல? அவர் பாக்கெட்டில் நழுவவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். மாமா பார்வையைத் திருப்பாமலே பட்டென்று என் கையில் ஓர் அடி போட்டார்.

இரண்டு பேரை மட்டும் தெரிந்துகொண்டால் அன்றைய பந்தயம் புரிந்துவிடும். ஒருவன் 'எஞ்சின்'. முதல் சுற்றிலிருந்தே முன்னால் போய், காற்றை எல்லாம் மார்பில் வாங்கிக்கொண்டு, சுற்றுக்கு அறுபத்தாறு விநாடி என்று பிசகாமல் ஓடுவான். இவன் மாமாவின் ஆள். இன்னொருவன் 'நிழல்'. எவன் முதுகுக்குப் பின்னாலாவது ஒட்டிக்கொண்டே வந்து, கடைசிச் சுற்றில் பிய்த்துக்கொண்டு போவான். இவன் டெசிமலுடையவன்.

பாதி தாண்டியதும் எஞ்சின் திடீரென்று வேகம் எடுத்தான்.

"அறுபத்து மூணு புள்ளி எட்டு!" என்று டெசிமல் துள்ளினார். விநாடி சொல்வதற்கு மட்டும் சட்டத்தில் விலக்கு உண்டு. "போச்சு! ஆசைப்பட்டுட்டான். இன்னும் கொஞ்ச தூரத்துல புகைதான் வரும்."

"அது திட்டம் சார். பின்னால ஒட்டிக்கிட்டு வர்றவனை உதறப் பாக்கறான்."

"உதறினானா? நிழல் அங்கேயேதானே இருக்கான்?"

"இருப்பான் இருப்பான். அடுத்தவன் வெட்டி வெச்ச துணியில கடைசிப் பட்டனை மட்டும் தெச்சிட்டு, சட்டையே நான்தான் தெச்சேன்னு சொல்றவன் அவன்!"

"போட்டுக்கறவனுக்குச் சட்டைதானே வேணும்? யார் காத்து வாங்கினான்னு மெடல்ல எழுதறாங்களா?"

"எழுதணும் சார்! எழுதணும்!"

இருவரும் எழுந்து நேருக்கு நேர் நின்றுவிட்டார்கள். பஞ்சர் அக்கா நடுவில் கையை நீட்டி, "ரெண்டு பேரும் காத்தை இறக்குங்கப்பா" என்றாள். ரெண்டு என்று அவளே சொல்லிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. நான் உட்பட எல்லாரும் இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே ஆணி பதித்த ஷூக்கள் சரசரவென்று போகும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் உட்கார்ந்தார்கள். பட்டன்கள் நகர்ந்தன. எனக்கு நகம் தீர்ந்துவிட்டது.

மாமா எழுந்தார். "மணி!"

நாற்பது பேர் எழுந்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். இப்போது மணி அடிக்காது. எல்லாரும் சிரிப்பார்கள். மாமா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடைசி வரிசைக்கு நடப்பார்.

கணகணவென்று மணி அடித்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இருபத்து நாலு பட்டனை வைத்துக்கொண்டு இருபத்தைந்து சுற்றைச் சரியாக எப்படி எண்ணினார்? யோசிக்கவும் நேரமில்லை, நிழல் கிளம்பிவிட்டான். கடைசி நேர்க்கோட்டில் எஞ்சினைத் தாண்டி முக்கால் விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தான். எஞ்சின் தன் வாழ்நாளிலேயே வேகமான நேரத்தில் இரண்டாவதாக வந்தான். "பாத்தீங்களா!" என்று மாமாவும் டெசிமலும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். இரண்டு பேருமே ஜெயித்த முகத்தோடு இருந்தார்கள்.

ஓட்டம் முடிந்ததும் பட்டன்களைப் பஞ்சர் அக்காவின் கையில் கொட்டி, எல்லாரும் சேர்ந்து உரக்க எண்ணுவது வழக்கம். அவ்வளவு நேரம் அடக்கி வைத்த எண்களை எல்லாம் ஆசை தீரச் சொல்வோம். "இருபத்தி மூணு... இருபத்தி நாலு..." அத்தோடு அவள் கை காலி. நாற்பது வாய்களும் திறந்தபடி நின்றன. மாமாவின் முகம் வெளுத்தது.

நான் சட்டென்று பெஞ்சுக்கு அடியில் குனிந்தேன். "இதோ! கீழ விழுந்து கிடக்கு!"

"இருபத்தி அஞ்சு!" என்று வளைவே அதிர்ந்தது. டெசிமல் மட்டும் கைதட்டவில்லை. தன் கருவியைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மதியம் மாமா என்னைக் கடைக்குக் கூப்பிட்டார். மெஷின் மேல் அவருடைய பேன்ட், பாக்கெட்டுகள் வெளியே இழுத்துவிடப்பட்டுக் கிடந்தது.

"இது நான் தெச்ச பாக்கெட். இதிலேருந்து ஊசி கூடக் கீழ விழாது. எப்போ எடுத்தே வாலு?"

"காலையில. நீங்க குளிக்கறப்போ."

திட்டுவார் என்று காதைப் பொத்திக்கொண்டேன். அவரோ விரல் விட்டு ஏதோ கூட்டிக் கழித்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அப்போ நான் ஒரு ரவுண்டை விட்டிருக்கேன். நீ எடுத்ததும் நான் விட்டதும் நேர் ஆயிடுச்சு."

"யாருக்கும் தெரியாது மாமா. நான் சத்தியமா சொல்லமாட்டேன்."

"என் விரலுக்குத் தெரியுதே."

அந்த ஒரு பட்டனை எடுத்துக்கொண்டு நேராகக் கண்ணாடிக்கடைக்குப் போனார். குற்றவாளி என்கிற முறையில் நானும் கூடப் போனேன். மாமா எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். "இனிமே எண்ணிக்கை உங்களோடது சார்" என்று முடித்தார். எனக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. அந்தக் கடையில் தூசி அதிகம்.

டெசிமல் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து கருவியை மேஜையில் வைத்தார். பந்தயம் முடிந்தபோது காட்டிய எண் அப்படியே இருந்தது.

இருபத்து நாலு.

"நீங்க 'மணி'ன்னு கத்தினப்போ, மனுஷன் தப்புப் பண்ணிட்டான்னு குஷியா இருந்தேன்" என்றார். "மணி அடிச்சதும்தான் தெரிஞ்சது, விட்டது நான்னு."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் விட்டது அதே சுற்று. நேருக்கு நேர் நின்று கத்திக்கொண்டிருந்தபோது கீழே ஓடிப்போன சுற்று. மாமாதான் முதலில் சிரித்தார். டெசிமல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஆனா ஒண்ணு பட்டன்காரரே. அது திட்டமே இல்ல. எஞ்சின் ஆசைப்பட்டுட்டான்."

"சார், அறுபத்து மூணுல ஓடறவன் ஆசைப்பட்டா ஓடறான்?"

"அறுபத்து மூணு புள்ளி எட்டு!"

கண்ணாடி வாங்க வந்த அம்மா ஒருவர் வாசலோடு திரும்பிப் போனார். மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வர எனக்கு அரை மணி ஆனது. எண்ணிக்கை யாருக்கு என்பதை இருவருமே மறந்துவிட்டார்கள். அப்படியென்றால் அது மாமாவிடமே இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

தெருவில் நடக்கும்போது மாமா அந்தப் பட்டனை என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"அடுத்த வருஷமும் இதை எடுத்து வெச்சுக்கோ. எப்படியும் நாங்க சண்டை போடாம இருக்கப் போறதில்ல."