நாற்பத்தொரு வயது மாணவி

ஜார்ஜியாவில் எங்கள் கறுப்பினப் பெண்கள் கல்லூரியின் சலவைக்கூடத்தைப் பதினெட்டு வருடம் நடத்தியவர் ஒர்டெல்லா பிங்க்னி. துணிகளை வகுப்பறைச் சன்னலுக்கு நேராகத்தான் காயப்போடுவார். வெயில் அங்கேதான் நல்லது என்பார். அங்கே இருந்தது நிழல்.

வருடம் ஒருமுறை பாஸ்டனிலிருந்து நன்கொடையாளர் ஹெப்வொர்த் வருவார். கறுப்புப் பெண்களுக்கு லத்தீன் எதற்கு, இஸ்திரி போடத் தெரிந்தால் போதும் என்று நினைக்குமளவு தாராள மனசு அவருக்கு. அவர் வண்டி வாசலுக்கு வந்ததும் எங்கள் புத்தகங்கள் மெத்தைக்கடியில் போய்விடும். நாங்கள் சலவைக்கூடத்தில் வரிசையாக நிற்போம்.

1911-இல் அவர் தம் சட்டை ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் காலரைக் கருக்கினேன்.

"தள்ளுடி, சட்டைய வறுக்கவா சொன்னாரு?" என்று ஒர்டெல்லா இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கினார். மிச்சச் சட்டை பளபளத்தது.

"யாரு இவங்க?" என்றார் ஹெப்வொர்த்.

சலவைக்கு ஆள் இருக்கிறது என்றால் மாணவிகள் என்னதான் செய்கிறார்கள் என்ற கேள்வி வரும். கல்லூரித் தலைவி மிஸ் கார்லண்ட் முந்திக்கொண்டார். "மூத்த மாணவி, சார்."

"வயசு?"

"நாப்பத்தொண்ணுங்கய்யா," என்றார் ஒர்டெல்லா. "மண்டையில கொஞ்சம் மெதுவாத்தான் ஏறுது."

ஹெப்வொர்த் நெகிழ்ந்துபோனார். இவர் படித்து முடிக்கும்வரை செலவு தம்முடையது என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

வண்டி போனதும் மிஸ் கார்லண்ட் சொன்னார்: "பேர மட்டும் பதிவேட்டுல எழுதிக்கிறேன் ஒர்டெல்லா. நீங்க வேலையப் பாருங்க."

"அது பொய்யாயிடுமேம்மா. பொய் பாவம்னு தினம் ஜெபத்துல நீங்கதான சொல்றீங்க? திங்கக்கிழமை எத்தன மணிக்கு வகுப்பு?"

ஏழு வருடம் படித்தார். காலையில் துணி, மதியம் பாடம். வடிவகணிதம் அவரை அழவைத்தது. "ரெண்டு பக்கமும் சமம்னு பாத்தாலே தெரியுது, இத எதுக்குடி நிரூபிக்கணும்?" என்று என்னிடம் சண்டைக்கு வருவார். இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினார். இஸ்திரி கற்க இத்தனை காலமா என்று ஹெப்வொர்த் கேட்டெழுதும்போதெல்லாம், இன்னும் நுணுக்கங்கள் பாக்கி என்று ஒர்டெல்லாவே அழகான கையெழுத்தில் பதில் போடுவார்.

பட்டமளிப்பு நாளில் அவர் லத்தீனில் நன்றியுரை சொன்னார். முன்வரிசையில் ஹெப்வொர்த் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க ஜனங்களோட பழைய ஜெபமா?"

"ரொம்பப் பழசு, சார்," என்றார் மிஸ் கார்லண்ட்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒர்டெல்லா மேக்கன் நகரில் ஆசிரியை ஆனார். வடிவகணிதம்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே திட்டியிருந்தார்.