பொன்னாடையும் ஒரு பக்ஷேயும்

பாலக்காட்டில் எங்கள் எதிர்வீட்டு ராதா டீச்சருக்கு எதைக் கொடுத்தாலும் ஒரே பதில்தான். "கொள்ளாம். பக்ஷே..." நன்றாக இருக்கிறது, ஆனால் என்று பொருள். அந்த ஆனாலுக்குப் பிறகு வருவதுதான் விஷயம். சாம்பார் கொடுத்தால் புளி கூடிப்போயிருக்கும். அதிரசம் கொடுத்தால் உள்ளே வெந்திருக்காது. நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் அடுத்த வீட்டுச் சாம்பாரில் கல் கிடந்தாலும் "ருசின்னா ருசிக்கா, அப்படியொரு ருசி" என்று சொல்லிவிட்டுத்தான் கல்லைத் துப்பக் கொல்லைப்புறம் போவோம். அதனால் குடிவந்த புதிதில் டீச்சருக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். ஆகாதவர் கிண்ணத்தை ஏன் வழித்துத் துடைத்துச் சாப்பிடுகிறார் என்பதுதான் விளங்கவில்லை.

கல்யாணம் ஆனதும் நான் போய் இறங்கியது பீர்மேட்டுக்கு. என் வீட்டுக்காரருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடித்தனம், மழை, அட்டைக்கடி, மகள் மலர் என்று காலம் ஓடிற்று. அவர் ஓய்வு பெற்ற பிறகு, மலர் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்வர வசதியாக இருக்கும் என்று பாலக்காட்டுக்கு வந்தோம். இங்கே பொழுது போகாமல் தோட்டத்து வாழ்க்கையைத் தமிழில் எழுதினேன், அது ஒரு சின்னப் புத்தகமாகவும் வந்துவிட்டது. இந்த நகரத்து நூலகத்தில் அவ்வப்போது எழுத்தாளர்களை அழைத்துப் பேசவைப்பார்கள். ஒருநாள் என் படம் போட்ட நோட்டீஸ் வந்தது. 'புஸ்தக சர்ச்ச' என்று தலைப்பு. புகழ்ந்து பேசும் கூட்டத்துக்கு இங்கே இப்படிப் பெயர் போலிருக்கிறது என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் வேறொரு கவலை ஓடிக்கொண்டிருந்தது. மலருக்கும் அவளோடு வேலை பார்க்கும் பையனுக்கும் மனம் ஒத்துப்போயிருந்தது. பையனின் அப்பா வேலுச்சாமிக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்து, "யோசிச்சுச் சொல்றோமுங்க" என்று போனவர் யோசித்துக்கொண்டே இருந்தார். லைன் வீட்டில் வளர்ந்த பெண் என்பதுதான் அந்த யோசனை என்று மலர் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தை அவள் பார்க்கவில்லை. உடனே நோட்டீஸைப் படம் பிடித்து வேலுச்சாமிக்கு அனுப்பி, குடும்பத்தோடு வரவேண்டும் என்று அழைத்துவிட்டேன். "எதுக்குட்டி அவங்கள அங்க கூப்புட்டே? உன் பவுச காட்டவா?" என்றார் என் வீட்டுக்காரர். ஆமாம், அதைக் காட்டத்தான்.

எனக்குத் தெரிந்த இலக்கியக் கூட்டம் எங்கள் ஊர் நூலக ஆண்டு விழா ஒன்றுதான். வந்த எழுத்தாளரை இமயம் என்றார் ஒருவர். அடுத்தவர் இமயம் போதாது என்றார். பொன்னாடைகள் ஏறி ஏறி அவர் முகம் மட்டும் வெளியே தெரிந்தது. யாராவது கேள்வி கேட்கலாம் என்றபோது பின்வரிசையிலிருந்து ஒருவர், "அய்யாவுக்குச் சொந்த ஊரு எது?" என்று கேட்டார். அதோடு சுண்டல் கொடுத்துவிட்டார்கள். அந்தப் புத்தகத்தை அங்கே யாரும் படித்ததாக எனக்கு நினைவில்லை.

கூட்டத்தன்று வேலுச்சாமியும் அவர் மனைவியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஜவுளிக்கடைப் பை. பொன்னாடை என்று பார்த்ததுமே தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. முதலில் ராதா டீச்சர் மைக்கைப் பிடித்தார். என் புத்தகம் அவர் கையில் விசிறி போல விரிந்துகிடந்தது, பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. "கொள்ளாம்" என்று ஆரம்பித்தார். பிறகு வந்தது பக்ஷே. இந்தப் புத்தகத்துப் பெண்கள் எல்லோரும் சமைக்கிறார்கள், அழுகிறார்கள், ஒருத்தியாவது வேலைநிறுத்தத்துக்குப் போகவில்லையா என்று மலையாளத்தில் கேட்டார். அடுத்து ஒரு பெரியவர், அட்டைக்கு ஒரு அத்தியாயம் முழுக்க எழுதிவிட்டுக் கங்காணிக்கு ஒரே பத்தியா என்று மேசையைத் தட்டினார். ஆனைக்கரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே படிக்கும் ஒரு பெண் எழுந்து, "மூடுபனி அழகுன்னு எழுதிருக்கீங்க அக்கா. அந்தப் பனியில விரல் மரத்துப்போய் எங்கம்மா கொழுந்து கிள்ளுனாங்க. அவங்க அழகுன்னு ஒருநாளும் சொன்னதில்ல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது சரி. அதுதான் இன்னும் வலித்தது.

வேலுச்சாமிக்கு மலையாளம் பாதிதான் பிடிபட்டிருக்கும். நீட்டிய விரல்களும் தட்டிய மேசையும் முழுசாகப் பிடிபட்டன. "ஏனுங்க, இந்தம்மா என்னுங்க தப்புப் பண்ணுனாங்க?" என்று அவர் மனைவி கேட்டது மேடைவரை கேட்டது. போச்சு என்று நினைத்தேன். தோட்டத்துக் குடும்பம் என்ற குறை போதாதென்று, ஊர் கூடித் திட்டும் குடும்பம் என்ற பேரையும் நானே வெற்றிலை பாக்கு வைத்து வாங்கிவிட்டேன். கடைசி வரிசையில் மலர் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது வேலுச்சாமி எழுந்தார். பையோடு மேடையேறி மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டார். "ஏனுங்க, நாங்களும் அப்பத்துலருந்து பாத்துட்டுத்தான் இருக்கறோமுங்க. ஒரு பொம்பளையாள மேடையில உக்கார வெச்சுப்போட்டு ஆளாளுக்குக் குத்தஞ் சொன்னா என்னுங்க அர்த்தம்? புடிக்கலீன்னா படிக்காமப் போக வேண்டியதுதானுங்களே! ஆருன்னு நெனச்சீங்க? இவிங்க எங்க சம்பந்தியம்மாங்க!"

தான் சொன்ன வார்த்தை அவருக்கே அப்போதுதான் காதில் விழுந்திருக்க வேண்டும். மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா மெல்லத் தலையாட்டினார். அவர் பொன்னாடையை எடுத்து மனைவியிடம் கொடுக்க, அந்த அம்மா மேடையேறி வந்து எனக்குப் போர்த்திவிட்டார். அரங்கமே கை தட்டியது, அட்டைப் பெரியவர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். டீச்சர் மைக்கைத் திரும்ப வாங்கி, "கொள்ளாம். பக்ஷே நிச்சயம் எப்போழா?" என்று நிச்சயதார்த்தத்துக்கே நாள் கேட்டார். மலர் சிரித்தது எனக்கு மேடைவரை கேட்டது.

வெளியே வரும்போது நூலகத்துக்காரர் ஒருவர் சொன்னார். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களை எல்லாம் உட்காரவைத்து, டீச்சர்தான் புத்தகம் முழுவதையும் உரக்க வாசித்துக் காட்டினாராம். எனக்காகச் சண்டை போட்ட சம்பந்தி என் புத்தகத்தைத் திறந்தும் பார்த்ததில்லை. என்னோடு சண்டை போட்டவர்கள் ஒரு வரி விடவில்லை. இரண்டு பேர்மீதும் எனக்கு அன்று பிரியம் பொங்கியது.

வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் பாயசம் கொடுத்தேன். "ரொம்ப அருமைங்க" என்றார் சம்பந்தி. "இப்புடி ஒரு பாயசம் நாங்க குடிச்சதே இல்லீங்க" என்றார் அவர் மனைவி. நான் வாயில் வைத்துப் பார்த்தேன். காலைப் பதற்றத்தில் சர்க்கரையே போடவில்லை. இரண்டு பேரும் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். எங்கள் ஊர் மனுஷர்களேதான் என்று நெஞ்சு நிறைந்தது. ஆனாலும் என்னவோ குறைந்தது. ஒரு கிண்ணத்தில் பாயசத்தை ஊற்றிக்கொண்டு, தோளிலிருந்த பொன்னாடையோடு தெருவில் இறங்கினேன். பின்னால் என் வீட்டில் தமிழில் சிரிப்புச் சத்தம். எதிரே கதவைத் திறந்த டீச்சர், வாசலிலேயே நின்று ஒரு வாய் குடித்தார்.

"கொள்ளாம்" என்றார்.

பொன்னாடை நழுவாமல் பிடித்துக்கொண்டு, நான் அடுத்த வார்த்தைக்காகக் காத்து நின்றேன்.