ஒண்ணும் ஆகாது, அமுக்குங்க

நான் இயற்பியல் படித்தவன். கல்லூரியில் அதைப் பல வருடங்கள் சொல்லிக்கொடுத்தவன். பேய், ஆவி, சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் கிண்டல் செய்தே அவர் வாயை மூடிவிடுவேன். இப்போது அதே கிண்டலை நீங்கள் என்னிடம் செய்யலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். நடந்தது நடந்தபடி எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிற வயதுக்கு வந்துவிட்டேன், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் மைசூரில், சரஸ்வதிபுரத்தில் ஒரு மாடியில், கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் சொல்லும் சிடிக்களைத் தயாரிக்கும் சின்ன நிறுவனம் ஒன்றை நடத்தினேன். கல்லூரி வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்தது. இன்றைக்கு இதெல்லாம் சாதாரணம், அன்று எங்களைப் பார்த்து ஊரே வியந்தது. வேலை இப்படித்தான்: ஒரு இயந்திரத்தைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்து இயக்குகிறார்கள் என்றால், அந்தத் திரைகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்துக்கொள்வோம். படத்தில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டுமோ அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் போடுவோம். படிக்கிறவர் அங்கே அமுக்கினால் அடுத்த படம் வரும். நிஜ இயந்திரத்தையே ஓட்டுகிற மாதிரி இருக்கும். கட்டம் போடாத இடமெல்லாம் வெறும் படம்தான், அங்கே எத்தனை முறை அமுக்கினாலும் திரை அப்படியே நிற்கும்.

நஞ்சன்கூடு பக்கம் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். அவர்கள் ஒரு புது பாய்லர் வாங்கியிருந்தார்கள், அதை இயக்குவது கம்ப்யூட்டர் திரையில். பழைய ஆட்களுக்குப் பழக்கிவிட ஒரு சிடி செய்து தரச் சொன்னார்கள். அதில் முக்கியமான பாடம் ஒன்றே ஒன்றுதான். உள்ளே தீ அணைந்துவிட்டால், முதலில் விசிறிப் பொத்தானை அமுக்கி, தேங்கியிருக்கும் வாயுவை வெளியே தள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் பற்றவைக்கும் சிவப்புப் பொத்தான். வரிசை மாறினால் வாயு மொத்தமாகப் பற்றிக்கொண்டு வெடிக்கும்.

வரிசை மாற்றி அமுக்கினால் என்ன ஆகும் என்று காட்டுவதற்கும் தனியாகப் படங்கள் திட்டமிட்டிருந்தோம். அதைச் செய்துகொண்டிருந்தவள் ராஜலட்சுமி. பி.இ. படித்தவள், மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், வாய் கொஞ்சம் நீளம். அந்த நேரத்தில் தொழிற்சாலை மேனேஜர் போன் செய்தார். கன்னடக்காரர், கன்னடம் கலந்துதான் தமிழ் பேசுவார்.

"சார், ஆயுத பூஜைக்கு சிடி கையில வேணும். புது கம்ப்யூட்டர் பக்கத்துல வச்சு பூஜை மாடணும்னு எம்.டி. ஆசைப்படறாரு. தசரா முடிஞ்சா டிரெயினிங் ஸ்டார்ட்."

சரி என்று சொல்லிவிட்டேன். ராஜலட்சுமியைக் கூப்பிட்டு, தவறு செய்தால் வரும் படங்களை அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"சார், சரியா அமுக்கறதை மட்டும் காட்டினா அது சினிமா சார், பாடம் இல்ல" என்றாள்.

"பூஜைக்கு சிடிதான் கேக்கறாங்க, பரீட்சை வைக்கப் போறதில்ல" என்றேன். சிரிப்பதற்காகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

இப்படியாக, சிவப்புப் பொத்தானைத் தவறான நேரத்தில் அமுக்கினால் எதுவுமே நடக்காத ஒரு பாடத்தைச் செய்து முடித்தோம்.

கொடுப்பதற்கு முன் சோதித்துப் பார்க்க அந்தத் தொழிற்சாலையிலிருந்து சில ஆட்களை எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அதில் ஒருவர் மாதேஷ். கொள்ளேகால்காரர், நாற்பது வயது இருக்கும், பழைய பாய்லரைக் கைச்சக்கரம் திருப்பியே ஓட்டியவர். கம்ப்யூட்டர் என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம். மவுஸைப் பிடிக்கச் சொன்னால் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாதேஷண்ணா, பேரு எலின்னாலும் கடிக்காதுண்ணா" என்று கூட வந்தவர்கள் சீண்டினார்கள்.

"கடிச்சா உனக்கென்னடா, ஊசி போடறது எனக்குத்தான்" என்றார். கடைசியில் மவுஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

அவரிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்தேன். அம்புக்குறியைப் பொத்தானுக்கு நேராகக் கொண்டுபோக மாட்டார். முதலில் அதைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போடுவார், பிறகுதான் அமுக்குவார். ஏன் என்று கேட்டேன். "ஒரு சுத்து சுத்திக் கும்பிட்டுக்கறதுங்க சார்" என்றார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அமுக்கும் முன் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், தப்பா அமுக்கிப்போட்டா ஒண்ணும் ஆகாதுங்களா?"

கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற எல்லோரும் சொல்கிற வார்த்தையைத்தான் நானும் சொன்னேன். அவர் தோளில் கை வைத்து, "ஒண்ணும் ஆகாது, அமுக்குங்க. எங்க வேணும்னாலும் அமுக்குங்க" என்றேன். அவர் வேண்டுமென்றே சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அமுக்கினார். அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சிடியைக் கொடுத்தாயிற்று. ஆயுத பூஜை வந்தது. மைசூரில் அன்றைக்குக் கார், சைக்கிள், ஆட்டோ, லேத் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டும் பூவும் வைத்து, மறுநாள் விஜயதசமி வரை அதைத் தொடாமல் ஓய்வு கொடுப்பார்கள். எங்கள் அலுவலகத்திலும் கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனம், குங்குமம். ராஜலட்சுமி கிண்ணத்தோடு என் மேஜைக்கு வந்து, "உங்க மானிட்டருக்கும் வைக்கட்டுமா சார், இல்ல அதுவும் உங்கள மாதிரி நாத்திகமா?" என்றாள்.

"வை, ஷாக் அடிச்சா தெரியும்" என்று சொல்லிவிட்டு, ஈரச் சந்தனத்துக்குப் பயந்து எல்லா பிளக்குகளையும் நானே கையால் பிடுங்கி மேஜை மேல் வைத்தேன். நானே பிடுங்கினேன் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அவள் ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஒரு சேவந்திப் பூ வைத்தாள். பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு எல்லோரும் மதியத்துக்குள் கிளம்பிவிட்டார்கள், நானும் பூட்டிக்கொண்டு போனேன்.

வீட்டுக்குப் போனால் வீடு பூட்டியிருக்கிறது. மனைவி கொலு பார்க்கப் போயிருந்தாள், என் வீட்டுச் சாவி அலுவலக மேஜையில். திரும்பி வந்தேன். நல்ல வெயில், தெருவெல்லாம் உடைத்த பூசணிக்காய். இருட்டு, மழை, நாய் ஊளை என்று நீங்கள் எதிர்பார்க்கிற எதுவும் இல்லை.

கதவைத் திறந்தேன். மாதேஷ் உட்கார்ந்து பழகிய அந்தக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

வாசலிலேயே நின்றுவிட்டேன். திரையில் எங்கள் பாய்லர் பாடம், தீ அணைந்துபோன படம். நாற்காலியில் யாரும் இல்லை. மூலையில் இருந்த அம்புக்குறி நகர ஆரம்பித்தது, புதிதாகப் பழகுகிறவர் கை மாதிரி நின்று நின்று, தயங்கித் தயங்கி. விசிறிப் பொத்தான் பக்கம் போய், அதைத் தாண்டி, சிவப்புப் பொத்தானிடம் வந்தது. அங்கே நின்றது. பிறகு அதைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தேன். கண்ணை நம்ப முடியாத படித்தவன் வேறென்ன செய்வான்? துடைத்துக்கொண்டிருக்கும்போதே மவுஸ் அமுங்கும் சத்தம் கேட்டது. கண்ணாடியை மாட்டிப் பார்த்தபோது திரை முழுக்க வெள்ளை. அப்படி ஒரு படத்தை நாங்கள் செய்யவே இல்லை. எரிகிற அடுப்பின் முன் குனிந்த மாதிரி முகத்தில் சூடு அடித்தது. அடுத்த கணம் திரை அணைந்துவிட்டது.

கிட்டே போனேன். பிளக் மேஜை மேலேயே கிடந்தது, அதன் மேல் பூ. மவுஸில் வைத்த குங்குமப் பொட்டு கலையாமல் அப்படியே இருந்தது, ஒரு விரல் பட்டிருந்தாலும் கலைந்திருக்கும். திரைக் கண்ணாடியைத் தொட்டேன், சுட்டது.

உடனே தொழிற்சாலைக்குப் போன் செய்தேன். காவல்காரர் எடுத்து, "ரஜா சார், யாரூ இல்லா" என்றார். ரஜா என்றால் கன்னடத்தில் விடுமுறை, ஆயுத பூஜைதானே. அன்று முழுக்க எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். திரையில் தங்கிய மின்சாரம், வெயில் கண்ணாடியில் பட்ட பிரதிபலிப்பு, வெறும் வயிறு. நான் சொல்லிக்கொடுத்த இயற்பியலில் எதிலும் அது அடங்கவில்லை, ஆனாலும் அடக்கிவிட்டேன்.

தசரா முடிந்ததும் மேனேஜரைக் கூப்பிட்டேன். பயிற்சியை நிறுத்துங்கள், பாடம் அரைகுறை, தப்பாக அமுக்கினால் என்ன ஆகும் என்று அதில் இல்லை என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அவர் எடுத்த எடுப்பிலேயே, "தும்ப நல்லா இருக்கு சார்! மாதேஷ் பயந்துட்டு இருந்த ஆளு, இப்ப கண்ண மூடிட்டு அமுக்கறான்" என்றார். இனி நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார். அரைகுறை என்று தெரிந்தே ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்பார். பிளக் இல்லாத கம்ப்யூட்டர் ஓடியது என்றா சொல்வது? "சந்தோஷம், சும்மாதான் விசாரிச்சேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இதைத்தான் நான் இத்தனை வருடமாகச் சுமக்கிறேன். பார்த்ததைக்கூட அல்ல.

தீபாவளி கழிந்து சில நாட்களில், காலை ஷிப்ட் ஆரம்பத்தில், பாய்லரில் தீ அணைந்திருக்கிறது. மாதேஷ் விசிறியை விட்டுவிட்டு நேராகச் சிவப்புப் பொத்தானை அமுக்கியிருக்கிறார். படம் அசையாமல் நின்றது மாதிரி பாய்லர் நிற்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். "கம்ப்யூட்டர் சாருங்களா?" என்று எழுந்து கும்பிட்டார். "உங்களப் பத்தியேதானுங்க பேசுவாரு. பயத்தையே போக்கிட்டாருன்னு சொல்லுவாருங்க." அந்தக் கும்பிடை நான் எப்படி வாங்கிக்கொண்டேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மாதேஷுக்கு முகம் முழுக்கக் கட்டு. என் குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டார். பேச வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

"சார், ஆயுத பூச அன்னைக்கு மத்தியானம் ஊட்டுல தூங்கிப்போயிட்டனுங்க. உங்க ஆபீசுல உக்காந்து பழகற மாதிரி ஒரு கனா. எது மொதல்லன்னு சந்தேகம் வந்துருச்சு. உங்களக் கேக்கலாம்னு திரும்பிப் பாத்தேன். வாசல்ல நின்னுட்டு இருந்தீங்க."

அன்று அலுவலகத்துக்குத் திரும்பி வந்ததை நான் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

"கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு இருந்தீங்க சார். ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லல. சார் ஒண்ணும் சொல்லல, அப்ப சரியாத்தான் இருக்கும்னு அமுக்கிட்டனுங்க."

"கனவுதானே மாதேஷ்" என்றேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

"கனாதானுங்க" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நேத்தும் அதே சந்தேகந்தானுங்க. அப்பிடியே திரும்பிப் பாத்தேன். அங்கயும் நீங்க தொடச்சிட்டுத்தான் நின்னீங்க."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அந்த வாரத்திலேயே போய்விட்டார். விசாரணை நடந்தது. சிடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. ராஜலட்சுமி தவறு செய்தால் வரும் படங்களை, யாரும் கேட்காமலே, செய்து முடித்து என் மேஜையில் வைத்துவிட்டு வேலையை விட்டுப் போனாள். அந்தப் படங்களைப் போட்டுப் பார்த்தேன். கடைசிப் படத்துக்கு அவள் எதையும் வரையவில்லை, வெறும் வெள்ளை.

அந்தக் காலை, பாய்லர் வெடித்த நேரத்தில், நான் என் வீட்டில் இருந்தேன். பேப்பர் படிக்க உட்கார்ந்திருப்பேன். கண்ணாடியைத் துடைத்தேனா? துடைத்திருப்பேன், தினமும் காலையில் துடைப்பேன்.

இப்போதும் துடைக்கிறேன், கண்ணாடி இல்லாமல் எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் அதைக் கழற்றி எல்லாம் மங்கிப்போகிற அந்த நேரத்தில், எதிரே யாரோ திரும்பி என்னைப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. முகத்தில் லேசாகச் சூடு படும். அதனால் கழற்றுவதற்கு முன்பே, "வேண்டாம் மாதேஷ், விசிறி முதல்ல" என்று சத்தமாகச் சொல்லிவிடுவேன். யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்பதை என் மனைவி எப்போதோ நிறுத்திவிட்டாள். ஒரே ஒரு நாள், அவசரத்தில், சொல்லாமல் கழற்றிவிட்டேன். துடைத்துக்கொண்டிருக்கும்போது, மவுஸே இல்லாத எங்கள் வீட்டில், அந்தச் சத்தம் கேட்டது.