யார் பிரம்மச்சாரி?

சாங்வியில் எங்கள் எதிர்வீட்டு மராத்தி அக்காவிடம், புதிதாக மாட்டிய முருகன் படத்தை ஆசையாகக் காட்டினேன். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கார்த்திக் சுவாமி பிரம்மச்சாரி. பெண்கள் பார்க்கக் கூடாது” என்றார் இந்தியில். டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வள்ளி, தெய்வானையோட நிக்கிறவரைப் போய் பிரம்மச்சாரிங்கறாங்களே!” என்று மாலை முழுக்கக் கணவரிடம் பொருமினேன்.

அவர் மொபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அவங்க கணபதி பண்டிகைக்குக் கொடுத்த பிள்ளையார் எங்க?”

பரணில், செய்தித்தாளில் சுற்றியபடி. இரு பக்கமும் ரித்தி, சித்தி என்று மனைவியர் இருந்ததால், ‘நம்ம பிள்ளையார் பிரம்மச்சாரியாச்சே’ என்று நான்தான் ஏற்றிவைத்தேன்.

அந்த அக்கா தன் முகத்தைத்தான் திருப்பிக்கொண்டார். நான் சாமியையே மூட்டை கட்டியிருக்கிறேன். இனி இந்த எரிச்சலை யார்மேல் காட்டுவது?