நாற்காலிகளில் வைத்த தாள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஆறாம் வகுப்போடு நின்றவன் என்பதால் எழுத்துப் பிழையும் இருக்கும். மன்னித்துவிட்டுப் படியுங்கள். இதை வாயால் சொல்ல எனக்கு வராது.

நான்காம் படிவத்தில் படிக்கும் என் பதினாறு வயது மகள் முதலில் சாப்பாட்டைக் குறைத்தாள், பிறகு பேச்சைக் குறைத்தாள். பள்ளிக்கே போக மாட்டேன் என்று ஒருநாள் அழுதபோதுதான் காரணம் தெரிந்தது. வகுப்புப் பையன்கள் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் திறந்து, பள்ளி ஆண்டுமலரில் வந்த அவள் படத்தைப் போட்டு, கீழே என்னென்னவோ எழுதியிருந்தார்கள். ஜெலுத்தோங்கில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அதை எனக்குக் காட்டினாள். எல்லாம் ஆங்கிலம்.

"என்னம்மா போட்டிருக்கு?"

"கேக்காதீங்கப்பா."

அதைத் தாளில் அச்செடுத்துக் கட்டொழுங்கு ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவரும் தமிழர்தான். பள்ளி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முடியின் நீளம், நகம், காலில் போடும் சப்பாத்தின் நிறம் எல்லாம் அதில் இருந்தன.

"பள்ளி வேலிக்குள்ள நடந்தா நான் ரோத்தான் பிரம்ப எடுத்துருவேன் அண்ணே. இது வெளிய நடந்தது லா. பெற்றோர் கூட்டத்துல எழுந்து பேசுங்க. எல்லாரும் கை தூக்குனா புது விதி போட்டுடலாம்."

எழுந்து பேசுவதா? கல்யாண வீட்டில்கூட ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவன் நான். எனக்குப் பதிலாக அந்தத் தாளே பேசட்டும் என்று நாற்பது நகல் எடுத்தேன். கூட்டத்துக்கு முன்பே போய், மண்டபத்து நாற்காலிகளில் ஒவ்வொன்றாக வைத்தேன்.

எடுத்துப் படித்தவர்களின் முகம் மாறியது. ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பின்வரிசையில் ஒருவர், "யாரு வீட்டுப் பொண்ணுடா இது? படத்துல சாதுவால்ல இருக்கு!" என்றார். பக்கத்தில் சிரித்தார்கள்.

ஆசிரியர் ஓடிவந்தார். "என்னண்ணே வேல செஞ்சி வச்சிருக்கீங்க! எல்லாத்தையும் வாங்குங்க!"

விதி நிறைவேறியது. பள்ளிக்கு வெளியே செய்தாலும் இனிக் குற்றம்தான். எல்லாரும் கை தூக்கினார்கள். திரும்பி வந்த தாள்களை நானும் ஆசிரியரும் எண்ணினோம். முப்பத்தொன்று.

திங்கட்கிழமை, திரும்பி வராத ஒன்பதில் ஒன்று என் மகளின் மேசையில் ஒட்டியிருந்தது.

"பத்துப் பையன்களுக்குத்தான்ப்பா தெரிஞ்சிருந்துச்சு," என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. பள்ளிக்கும் போகவில்லை.

புது விதி ஜனவரியில் தொடங்கும் என்று கடிதம் வந்திருக்கிறது. வாசித்துக் காட்டினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மீதி எட்டுத் தாள் யார் வீட்டில் இருக்கிறதோ தெரியாது. பஸ்ஸில் யாராவது தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தால், என் கண் அங்கேயே நிற்கிறது.

9 அக்டோபர் 1999